எளில், மளை வருது

கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு எழிலரசி தனக்குத் தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். மாவு அரைபட்டு முடிவதற்குள் அந்தப் பச்சைப் பட்டனை அமுக்கிவிட வேண்டும், இன்றைக்கும் தள்ளிப்போட்டால் தான் மனுஷியே இல்லை என்று. இப்படிக் கெடு வைப்பது இது முதல் தடவை ஒன்றும் இல்லை, போன ஞாயிற்றுக்கிழமையும் இதே உளுந்து, இதே கிரைண்டர், சாப்பாட்டு மேஜைமேல் திறந்து கிடக்கிற இதே லேப்டாப், கடைசியில் மாவு மட்டும் பஞ்சு மாதிரி அரைபட்டது, பட்டன் அப்படியே இருந்தது. சரவணம்பட்டியில் மூன்றாவது மாடியில் இருக்கிற இந்த வீட்டுக்குள் காலை வெயில் பால்கனி வழியாக வந்து மேஜைக்கால்வரை நீண்டிருந்தது, கல் உருளுகிற சத்தம் கடகடவென்று வீட்டை நிறைத்தது, அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியும் இருந்தது, ஏனென்றால் சத்தம் இருக்கும்வரை எதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. திரையில் காதோலை. கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதையெல்லாம் தமிழில் வாசித்துக் காட்டுகிற மென்பொருள் அது. ஓப்பன் சோர்ஸ், அதாவது முதலாளி கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், தப்பு கண்ணில் பட்டால் திருத்தி அனுப்பலாம், பொறுப்பில் இருக்கிறவர் பார்த்துச் சரி என்றால் பச்சைப் பட்டனை அமுக்கிச் சேர்த்துக்கொள்வார். ஆரம்பித்தவன் சோலைராஜ், அவள் புருஷன். அதில் வாசிக்கிற குரலும் அவனுடைய சொந்தக் குரல்தான். போன ஆவணியில் ஷட்டில் ஆடப் போனவன் கோர்ட்டிலேயே சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, அதிலிருந்து பொறுப்பு அவளுடையது. இப்போது திரையில் காத்துக் கிடக்கிற திருத்தம் ரொம்பச் சின்னது. அவன் குரலில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றுகிறது. ழ.

அந்த எழுத்து அவனுக்கு வராது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அது அம்பலமாகிவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்து கேசரி தின்றுகொண்டிருந்தபோது பையன் வாயைத் திறந்து, எளிலரசி, நல்ல பேரு என்றான். அவளுடைய அப்பா ரேஷன் கடையில் எடை போடுகிறவர், ஆனால் கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் எங்கே பட்டிமன்றம் நடந்தாலும் முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர், மகளுக்கு அந்தப் பெயரை வைத்ததே வாய் நிறையக் கூப்பிடத்தான். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வேன் கிளம்பியதும், பையன் தங்கம், வேலை தங்கம், ழகரம்தான் பித்தளை என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, அந்தச் சிரிப்பிலேயே சரி என்றும் சொல்லிவிட்டாள். கல்யாணமான புதிதில் அவளும் விடவில்லை, நாக்கு நுனியை மேலே மடிங்க, எதுலயும் ஒட்டாம நிறுத்துங்க, இப்போ சொல்லுங்க என்று முகத்துக்கு நேராக உட்கார்ந்து பாடம் எடுத்தாள், அவன் பாவம் கண்ணெல்லாம் சொருக முயற்சி செய்வான், எரில் என்று வரும், எயில் என்று வரும், ஒரு தடவை எச்சில் தெறித்து இரண்டு பேரும் கட்டிலில் உருண்டு சிரித்தார்கள், ழ மட்டும் வரவே இல்லை. அப்புறம் கோபமும் வந்திருக்கிறது. அவளுடைய ஆபீஸ் ஆட்களுக்கு முன்னால் வாளப்பளம் என்று சொல்லிவிட்டான் என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், இப்போது நினைத்தால் அந்த நாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம் போலிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துதான் சொன்னான்.

“ஒங்க வீட்ல எல்லாரும் ஒன்னய எழில்னு சரியாத்தான் கூப்பிடுவாங்க. எங்க ஆத்தா தாயிங்குது, எங்க அக்கா மதினிங்குது. எளிலுன்னு கூப்பிட நான் ஒருத்தந்தான இருக்கேன்?”

அவன் சொன்னதில் அந்த முதல் எழில் சரியாக வந்ததா என்று அவளால் இப்போது சொல்ல முடியவில்லை. வந்திருக்காது, எப்படி வரும், அவள் நினைவு அதைத் திருத்திக்கொண்டிருக்கிறது, நினைவுக்கும் இந்தப் புத்தி இருக்கிறது, சொல்பவன் என்ன சொன்னாலும் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு சத்தத்தைத் தூக்கி எறிந்துவிடும். அவன் சொன்னது எளில்னு, அதற்கு அப்புறம் எளிலுன்னு, இரண்டும் ஒன்றேதான், எங்களுக்கு ஒரே ள தான், எல்லாத்துக்கும் அதுவே போதும் என்பான். இதுதான் பயம், இந்த மாதிரி நினைவு தானாகவே திருத்திக்கொள்வதுதான். கிரைண்டர் சத்தம் கொஞ்சம் இறுகியது, தண்ணீர் போதவில்லை, எழுந்து போய் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாள். உளுந்து. உளுந்தில் அவனுக்குத் தகராறே கிடையாது, உளுந்தில் இருப்பது நிஜமான ள. குரலைப் பதிவு செய்த கோடைக்காலம் ஞாபகம் வந்தது. படுக்கையறையில் மெத்தையை நிமிர்த்தி ஜன்னலில் சாத்தி, பீரோவைத் திறந்து அவளுடைய புடவைகளுக்கு நடுவில் மைக்கை வைத்து, ஃபேனை அணைத்துவிட்டு, பனியன் நனைய நனைய உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் படித்தான். நல்ல உச்சரிப்பு இருக்கிற ஆளைத் தேடாமல் இல்லை, வந்தவர்கள் இரண்டு நாளில் தொண்டை வலிக்கிறது என்று போய்விட்டார்கள், சரி, இல்லாததுக்கு நம்ம தொண்டைதான் என்று அவனே உட்கார்ந்துவிட்டான். பதிவின் நடுவில் ஒரு நாள் திடீரென்று வானம் இருட்டியது, அவன் மைக் ஓடிக்கொண்டிருப்பதையே மறந்து, எளில், மளை வருது, கொடியில் கிடக்கிற துணியை எடு என்று உள்ளிருந்தே கத்தினான், அது அப்படியே பதிவாகிவிட்டது. அதையே காதோலையின் சோதனை வாக்கியமாக வைத்துவிட்டான். யார் எந்தத் திருத்தம் அனுப்பினாலும், சேர்ப்பதற்கு முன்னால் காதோலை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும், அது ஒழுங்காக வந்தால்தான் மற்றதெல்லாம். பெங்களூரிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் முகம் தெரியாத எத்தனையோ பேர் அவளைத் துணி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த எழுத்து சரியில்லை என்று காதோலையில் முதன்முதலில் குறை எழுதி வைத்தவனே அவன்தான். குறைகள் பக்கத்தில் அடியோ அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, என் ழ சரியில்லை, யாராவது திருத்திக் கொடுத்தால் புண்ணியம் என்று அவன் பெயரிலேயே இருக்கிறது. அதற்குக் கீழேதான் ஜெனிட்டா வந்து எழுதினாள். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், பிறவியிலேயே பார்வை இல்லை, காதோலையை வைத்துத்தான் அவள் படிப்பதும் பாடம் நடத்துவதும். அவள் எழுதியதில் ஒரு இடத்தில்கூடக் குற்றம் சாட்டுகிற தொனி கிடையாது, அதுதான் எழிலரசியை இன்னும் வாட்டியது. என்னிடம் படித்த ஒரு பெண் காலேஜில் சேர விண்ணப்பம் நிரப்பினாள், கடைசியில் அழி என்று ஒரு பட்டன் இருந்தது, காதோலை அதை அளி என்று வாசித்தது, விண்ணப்பத்தை அளி என்கிறார்கள் போல என்று அவள் அமுக்கிவிட்டாள், நிரப்பியதெல்லாம் அழிந்தது, அவளோ அனுப்பியாயிற்று என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டாள், அந்த வருஷம் அவளுக்குச் சீட் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். கீழே, இது யார் தப்பும் இல்லை, எனக்குக் கொஞ்சம் புரோகிராம் எழுதத் தெரியும், எப்படித் திருத்தினால் உங்களுக்கு வசதி என்று சொன்னால் முயன்று பார்க்கிறேன் என்று கேட்டிருந்தாள். அழியும் அளியும். கண் இருக்கிறவர்களுக்கு அது ஒரு சிரிப்பு, பெண் பார்க்க வந்த இடத்தில் கேசரியோடு போகிற சமாச்சாரம். அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம். எழிலரசிக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது, ஆனால் குளிக்கும்போது, ஆபீஸ் மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த விரல் பட்டன்மேல் போவது கண்ணுக்குள் வந்து வந்து போகும். அமுக்கச் சொன்ன குரல் சோலையுடையது. அவன் இருந்து இதைக் கேட்டிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது, ராத்திரியோடு ராத்திரியாக எதையாவது செய்து திருத்தியிருப்பான்.

அப்புறம் ஒரு நாள் ஜெனிட்டா, எல்லோரும் பார்க்கிற இடத்தில் கேட்கக் கூடாத ஒரு விஷயம், போனில் பேசலாமா என்று எழுதிக் கேட்டு நம்பர் வாங்கி, இன்ன நேரத்தில் கூப்பிட்டால் தொந்தரவு இல்லையே என்று அதையும் கேட்டுக்கொண்டு கூப்பிட்டாள். நாஞ்சில் நாட்டுப் பேச்சு, ழகரம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது.

“அக்கா, அது இறந்துபோன உங்க வீட்டு சாருக்க சத்தம்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. தெரியாம இவ்வளவு நாளும் குறை சொல்லிட்டு இருந்திருக்கேன். அந்த ஒரு எழுத்த நான் தொடலாமா?”

“தாராளமா தொடுங்க” என்று எழிலரசி சொன்னாள். வாய்தான் சொன்னது. அவள் சொன்னதை நம்பி ஜெனிட்டா என்ன பாடுபட்டிருக்கிறாள். சோலையின் குரலை முழுசாக எடுத்துவிட்டு வேறு நல்ல குரலைப் போட்டிருக்கலாம், அது சுலபம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்யவில்லை. குரலைச் சின்னச் சின்ன ஒலிகளாக நறுக்கி வைத்து, வேண்டும்போது ஒட்டி வாசிப்பதுதான் காதோலையின் வித்தை, அதில் ழ என்கிற துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, பேக்கரியில் வேலை செய்கிற தன் தம்பியை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி, அவன் தொண்டையைச் சோலையின் தொண்டைக்கு இறக்கி, முன்னும் பின்னும் இழைத்துச் சேர்த்திருந்தாள். மற்ற எல்லாமும் அவன்தான், ஒரு எழுத்துகூட அவசியமில்லாமல் தொடவில்லை. ஏன் இப்படிச் செய்தேன் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் எழுதியிருந்தாள். புதிதாக வருகிறவர்களுக்குச் சோலை எழுதி வைத்திருந்த அத்தனையும் அதில் இருந்தது, முதலில் கேளுங்கள், சின்னதாக அனுப்புங்கள், என்ன மாற்றினீர்கள் என்பதோடு ஏன் மாற்றினீர்கள் என்றும் சொல்லுங்கள், பதில் தாமதமானால் கோபிக்காதீர்கள், இங்கே இருப்பவர்களுக்கும் வீடு வாசல் உண்டு. அதற்கு அடுத்த வரியை அவன் பொறுப்பாளர்களுக்காக எழுதியிருந்தான், வந்தவரைக் காக்கவைக்காதீர்கள், பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று. அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போக எழிலரசி நன்றாகப் பழகியிருந்தாள். திருத்தம் வந்த வாரம் கோப்பின் பெயர் சரியில்லை என்று எழுதினாள். ஜெனிட்டா மாற்றினாள். தமிழ் என்பது போலச் சொல்லின் கடைசியில் வருகிற ழ் எப்படி, அதற்குத் தனியாகச் சோதனை வேண்டும் என்றாள். வந்தது. திருத்தம் பெரிதாக இருக்கிறது, இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள் என்றாள், பிரித்து வந்ததும், இல்லை, ஒன்றாக இருந்தால்தான் பார்க்க வசதி என்று அவள் கையாலேயே எழுதினாள், எழுதும்போது காது மடல் சுட்டது. சரி அக்கா, மாற்றிவிட்டேன், கவனமாகப் பார்ப்பதற்கு நன்றி. ஒவ்வொரு தடவையும் அதே பதில். திட்டியிருந்தால் தேவலாம், ஒரு சண்டையாவது போட்டு, உங்கள் திருத்தமே வேண்டாம் என்று கதவைச் சாத்தியிருக்கலாம். ஜெனிட்டா அதற்கு இடமே கொடுக்கவில்லை. இன்றைக்குக் காலையில் வந்திருந்ததும் அப்படித்தான், அவசரப்படுத்தவில்லை அக்கா, அடுத்த வாரம் காலேஜ் விண்ணப்பங்கள் தொடங்குகின்றன, அதற்கு முன்னால் முடிந்தால் பிள்ளைகளுக்கு நல்லது. போன வருஷம் சீட் போன பெண்ணும் இந்தத் தடவை எழுதுகிறாள்.

என்ன குறை சொல்லலாம் என்று மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் மட்டும் அவள் இன்னும் போகவில்லை, பக்கத்தின் அடியில் ஜெனிட்டா இணைத்திருந்த ஒலித்துணுக்கு, திருத்தத்துக்கு அப்புறம் அந்தச் சோதனை வாக்கியம் எப்படிக் கேட்கிறது என்பது. இத்தனை வாரமாகக் கோப்பின் பெயரையும் கமாவையும் பார்த்தவள் அதை மட்டும் கேட்கவில்லை. என்ன பயம். பழையது எங்கும் போய்விடாது, காதோலையில் எதுவுமே தொலைவதில்லை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தினது பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்து ஓடவிட்டுக் கேட்கலாம், இதைத் தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. ஆனால் மனசுக்கு அந்த வசதி கிடையாதே. செத்துப்போன முதல் மாதங்களில் அவன் பேச்சு காதிலேயே இருந்தது, சாவியை எங்க வச்ச, எளிலு, அந்த லைட்ட அணை, கதவ நல்லா சாத்து, எல்லாம் கேட்கும். இப்போது கேட்க முயன்றால் காதோலை வாசிக்கிற மாதிரித்தான் வருகிறது, ஒரே சீராக, ஒரே வேகத்தில், மூச்சு வாங்காமல். நிஜக் குரலை மெஷின் குரல் ஏற்கெனவே பாதி தின்றுவிட்டது. மிச்சம் இருக்கிற பாதிக்கு அடையாளம் அந்த ஒரு ள தான், அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அவனிடம் போய்ச் சேருவாள், அந்தத் தப்பை மெஷினால் தானாகச் செய்ய முடியாது, அது அவன் நாக்கு, அருப்புக்கோட்டை, அவன் ஆத்தாவின் சோறு. அதையும் திருத்திவிட்டு, திருத்தியதைக் கேட்டுக் கேட்டு, நாளைக்குக் கனவில் வந்து நின்று எழில் என்று சுத்தமாகக் கூப்பிட்டுவிட்டால்? அப்போது யார் அது என்று அவள் யாரைப் போய்க் கேட்பாள். இதை வெளியே சொல்லவும் முடியாது. அம்மாவிடம் சொன்னால் பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் தனியாக இருக்காதே, கிளம்பி வா என்பாள், அப்பா சோலை போனதிலிருந்து ழகரத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார், போனில் எழில் என்று கூப்பிடும்போது அவர் நாக்குகூடச் சங்கடப்படுகிறது. ஜெனிட்டாவிடம் சொல்லலாம். சொன்னால் உடனே திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வாள், மன்னிச்சிடுங்க அக்கா என்பாள், சீட் போன அந்தப் பெண் மறுபடி அழியா அளியா என்று பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை. சொல்லாமலே தடுத்து வைத்திருப்பதற்குப் பெயர் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும்.

கிரைண்டர் சத்தம் மாறிவிட்டது. மாவு பொங்கி வந்தால் கல்லின் கடகட அடங்கி ஒரு மெத்தென்ற சத்தம் வரும், இட்லிக்கு இதுதான் பதம். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தாள். வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது, கீழே யாரோ பைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம்வரை கேட்டது. மாவை வழிக்காமல், கையை மட்டும் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, இனி யோசித்தால் மாட்டேன் என்று அந்த ஒலித்துணுக்கின் முக்கோணத்தை அமுக்கினாள். எழில், மழை வருது, கொடியில் கிடக்கிற துணியை எடு. அவன்தான். ஒட்டு தெரியும் என்று நம்பியிருந்தாள், எங்கேயாவது ஒரு பேக்கரிப் பையன் எட்டிப் பார்ப்பான், இது சரிவரவில்லை ஜெனிட்டா என்று மனசாட்சியோடு எழுதலாம் என்று. ஒட்டே தெரியவில்லை. அவனுடைய தொண்டை, அவன் வாக்கியத்தை முடிக்கும்போது லேசாக ஏறுகிற அந்த இழுப்பு, எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் நாக்கு மட்டும் அழகாக மடிந்து எதிலும் ஒட்டாமல் நின்று வந்தது, அவள் கட்டிலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மாதிரியே. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் புருஷன் அவள் பெயரைச் சரியாகச் சொன்னான். செத்த பிறகு கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் அழுதாள், கேவிக் கேவி, மூக்கு ஒழுக, உளுந்து வாசம் அடிக்கிற கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பைக் கழுவுகிறவனுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று அழுதாள். இவ்வளவு நல்லா வந்திருக்குய்யா, இவ்வளவு நல்லா வந்திருக்கு என்று அவனிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது யோசிப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. மிக நேர்த்தியான வேலை, காக்கவைத்ததற்கு மன்னிக்கவும், குறை என் பக்கம்தான் என்று ஜெனிட்டாவுக்கு எழுதிவிட்டுப் பச்சைப் பட்டனை அமுக்கினாள். அமுக்கியதும் பட்டன் ஊதா நிறமாகி, சேர்க்கப்பட்டது என்றது. அடியோ அடியில் கிடந்த அவனுடைய பழைய குறையும் தானாகவே தீர்ந்ததாக மூடிக்கொண்டது.

அதற்குக் கீழே உடனே இன்னொரு செய்தி வந்து விழுந்தது. திருத்தம் எது சேர்ந்தாலும் தானாகப் போகும்படி அவன் என்றைக்கோ எழுதி வைத்த நன்றி அது. சேர்த்துக்கொண்டோம், உங்கள் உளைப்புக்கு நன்றி, அடுத்த தடவை கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தால் ஒரு காபி, இப்படிக்கு சோலைராஜ். எத்தனையோ பேருக்கு இது போயிருக்கிறது, அவளும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், இன்றைக்கும் பார்த்துவிட்டுத் தாண்டி, மாவை வழிக்கலாம் என்று எழுந்துவிட்டாள். பாதி வழித்திருப்பாள், போனில் ஜெனிட்டாவின் குரல்செய்தி வந்தது. மாவுக் கையின் புறங்கையால் அமுக்கிக் கேட்டாள்.

“அக்கா, ரொம்ப சந்தோஷம். எங்கிட்ட புதுசுதான ஓடுது, அதுல முதல்ல வாசிச்சது சாருக்க நன்றி மெசேஜ். அதுல உளைப்புன்னு வருது அக்கா. முன்ன ழவும் ளவும் ஒண்ணு போலதான் கேக்கும், அதனால எங்க யாருக்கும் தெரியல. இப்பதான் பிரிஞ்சு கேக்குது. பிழையா, இல்ல சார் வேணும்னே அப்படி எழுதினதான்னு எனக்குத் தெரியாது. உங்ககிட்ட கேக்காம தொடமாட்டேன்.”

எழிலரசி மாவுக் கையோடு வந்து திரையைப் பார்த்தாள். உளைப்பு. ஆமாம். வாயில் வருகிற மாதிரியே எழுதியிருக்கிறான் மடையன், இத்தனை நாளாக அவள் கண் அதைத் தானாகவே திருத்திப் படித்துக்கொண்டு போயிருக்கிறது, கண் தெரியாதவர்களுக்குக் குரல் காட்டிக்கொடுக்கவில்லை, யாருமே பார்க்காமல் அது பாட்டுக்கு அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, அழுததால் தொண்டை கட்டிப்போய் அது ஒரு மாதிரி கரகரத்தது. விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் ஜெனிட்டா காரணம்கூடக் கேட்க மாட்டாள். ஆனால் அவள் தமிழ் டீச்சர், அவளிடம் படிக்கிற பிள்ளைகள் இனிமேல் காதால் எழுத்துக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். பிழைதான், திருத்தி அனுப்புங்கள், இந்தத் தடவை உடனே சேர்த்துவிடுகிறேன் என்று ஒற்றை விரலால் எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் அது மெல்ல உறைத்தது. ள வந்த இடத்தில் அவன் ள சொல்கிறான். அவனுடைய ள வை யாரும் தொடவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது, எழுதினால் சொல்வான். கையைக் கழுவினாள், நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினாள், வந்து உட்கார்ந்து எதை அடித்தாலும் வாசித்துக் காட்டுகிற காதோலையின் சோதனைப் பெட்டியைத் திறந்தாள். எ என்று அடித்தாள். அடுத்த எழுத்தில் விரல் தானாகவே ழ பக்கம்தான் போனது, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எழுதிய பெயர், ஆதார் கார்டில் இருக்கிற பெயர், கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெரிய எழுத்தில் போடச் சொன்ன பெயர், அதைத் தப்பாக எழுத விரலுக்குத் தெரியவில்லை. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். எளில், மளை வருது. இத்தனை வருஷமும் அவன் செய்த பிழையை இனி அவன் செய்ய மாட்டான், வேண்டுமென்றால் அவள்தான் செய்து கொடுக்க வேண்டும். மிச்ச வாக்கியத்தையும் அடித்து முடித்து வாசிக்கச் சொன்னாள்.

“எளில், மளை வருது, கொடியில் கிடக்கிற துணியை எடு.”

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எழிலரசி எழுந்து பால்கனிக்குப் போனாள். கொடியில் கிடந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.